ஓடை மணலில் ஒரு காலடி

உள்ளங்கையை விரித்து அந்தக் காலடிக்குள் வைத்துப் பார்த்தேன். என் கையைச் சுற்றி இன்னும் இடம் மிச்சமிருந்தது.

மார்கழி மாதத்துக் காலை. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். ஈர மணலில் நாலு விரலும் நடுவில் ஒரு பெரிய திண்டுமாகப் பதிந்திருந்தது. ஓரம் ஒரு இடத்தில்கூடச் சரியவில்லை. பள்ளத்துக்குள் தண்ணீர் அப்போதுதான் ஊற ஆரம்பித்திருந்தது. அப்படியென்றால் வந்த ஆள் போய் அதிக நேரம் ஆகவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். நானும் குடத்தைப் போட்டுவிட்டுத்தான் ஓடினேன். ஆனால் பயந்து ஓடவில்லை. சந்தோஷம் தாங்காமல் ஓடினேன். வரப்பில் ஒருதரம் விழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினேன்.

"பெரியவர் வந்திருக்காவ. மாமா, நம்ம ஓடைக்குப் பெரியவர் வந்திருக்காவ."

கூமாப்பட்டியில் மலையோரத்தில் நின்றுகொண்டு புலி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். பெரியவர் என்பார்கள். புலி வந்ததற்கு வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி வீட்டு மருமகள் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல இரண்டு வருஷம் பின்னால் போகவேண்டும். குடம் ஓடையிலேயே கிடக்கட்டும், அதை எடுத்துக்கொண்டு போக யாரும் வரப்போவதில்லை.

தனி அடுப்பு

வில்லிபுத்தூரிலிருந்து மாட்டுவண்டியில் கூமாப்பட்டிக்கு வாழ வந்த கதையைப் போன வாரங்களில் சொல்லியிருக்கிறேன். ராஜபாளையம் பக்கமெல்லாம் ரயில் எட்டிப்பார்க்காத காலம் அது. புகுந்த வீட்டில் மூன்று மருமகள்கள், ஒரே அடுப்பு. நான் கடைசி மருமகள். என் பங்குக்கு அம்மிக்கல்லும் ஊதுகுழலும்தான் வந்தன. கரண்டி பெரியவள் கையில் இருந்தது. உப்பை எவ்வளவு போடலாம் என்று சொல்லும் அதிகாரம் நடுவுள்ளவளிடம் இருந்தது.

எனக்குக் கரண்டி வேண்டும். உப்பும் நானே போடவேண்டும். தனி அடுப்பு வேண்டும் என்று வீட்டுக்காரரை அரித்தெடுத்தேன். அவர் பெயரை இத்தனை வாரமாகச் சொல்லாதவள் இப்போது மட்டும் சொல்லிவிடுவேனா? வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் பயந்து பயந்து தன் அப்பாவிடம், அதாவது என் மாமாவிடம் சொன்னார். மாமா என்னையே கூப்பிட்டுவிட்டார்.

"தனி அடுப்பு வேணுமாக்கும்?"

"ஆமா மாமா."

"மேலக்காடு முள்ளும் கல்லுமாக் கெடக்கு. அதத் திருத்தி ஒரு வெள்ளாமை எடுத்து வீடு கொண்டாந்து சேருங்க. பொறவு எங்க வேணும்னாலும் அடுப்பு மூட்டிக்க தாயி."

மேலக்காடு என்பது மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிக் கிடந்த எங்கள் கரட்டு நிலம். அதற்கு அப்பால் ஊர் கிடையாது, காடுதான். நானும் வீட்டுக்காரரும் முள் வெட்டினோம், கல் பொறுக்கினோம். என் கை காய்த்துப்போனதைப் பார்த்து என் அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒவ்வொரு கல்லைத் தூக்கும்போதும், இது அடுப்புக்கல்லுக்கு ஆகுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நான் போட்ட குலவை

நாங்கள் நிலம் திருத்திக்கொண்டிருந்த கோடையில் புலி மாமாவின் மயிலைக்காளையை அடித்துவிட்டது. உழவுக்கும் வண்டிக்கும் பழகிய காளை. மாமா அதற்குப் பருத்திக்கொட்டை ஆட்டிவைக்காமல் தான் சாப்பிட உட்கார்ந்ததில்லை. மறுநாள் விடிந்ததும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வத்திராயிருப்புக்கு நடந்தார். அங்கே வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் கூடாரம் போட்டிருந்தார்.

துரை வந்தார், ஊரே தப்பட்டையும் தகரமுமாகக் காட்டைக் கலைத்தது, புலி விழுந்தது. இரண்டு கம்பில் கால்களைக் கட்டித் தொங்கவிட்டு, தெருவழியாகத் தூக்கி வந்தார்கள். முன்னால் மேளம். மாவு பிசைந்த கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்னங்கால் தசையைத் தொட்டேன், இன்னும் சூடு ஆறவில்லை. அன்றைக்குத் தெருவில் எல்லோரையும்விட ஓங்கிக் குலவை போட்டவள் நான்தான். மயிலைக்காளைக்காகவும் போட்டேன், இனி மேலக்காட்டுக்குத் தனியாகப் போகலாம் என்பதற்காகவும் போட்டேன்.

துரைக்குத் தடம் பார்த்துக் கொடுக்கும் பேச்சிமுத்து என்பவர் நெருப்புக் கங்கு ஒன்றை வைத்துப் புலியின் மீசையைப் பொசுக்கினார். மீசை மயிரைப் பொடியாக நறுக்கிச் சோற்றில் கலந்தால் ஆள் குடல் அறுந்து செத்துப்போவான் என்று ஒரு நம்பிக்கை. அதனால் யாரும் களவாண்டு போகாமல் அங்கேயே எரித்துவிடுவார்கள். ஒரே அடுப்பில் மூன்று மருமகள்கள் உள்ள வீடுகளை நினைத்துத்தான் இந்த வழக்கத்தை ஏற்படுத்தியிருப்பார்கள் போல.

பன்றி பயப்படாத காடு

புரட்டாசியில் விதைத்தோம். சோளம், ஊடே மொச்சை, ஓடைக்கரையில் சீனிக்கிழங்கு. மழை கைவிடவில்லை. சோளம் என் தலைக்கு மேல் போயிற்று. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வந்தது காட்டுப்பன்றி.

முதலில் ஒரு தாயும் குட்டிகளும் வந்தன. பிறகு கூட்டம். கிழங்குக் கொடியை மண்ணோடு புரட்டிப்போட்டன. சோளத்தட்டையை மிதித்துச் சாய்த்துக் கதிரைக் கடித்தன. அவை விட்டுவைத்ததை மிளா மான் வந்து மேய்ந்தது. வீட்டுக்காரர் பரண் கட்டி, மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தட்டிக் கையெல்லாம் வீங்கிப்போனார். வடக்கே தட்டினால் தெற்கே மேய்ந்தன. தெற்கே ஓடினால் வடக்கே மேய்ந்தன.

"முன்னயும் பன்னி இருந்துச்சுல்லா? அப்ப ஏன் இம்புட்டு வரல?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் வெளங்கல. முன்னெல்லாம் ஓடைக்கு வரும், தண்ணியக் குடிக்கும், திரும்பிப் பாக்காம ஓடிரும். இப்ப மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள மாதிரி படுத்துக் கெடக்கு."

அந்த வருஷம் மேலக்காட்டிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு வண்டித் தட்டை மட்டும்தான். எனக்கு மறுபடியும் ஊதுகுழல்தான்.

நெஞ்சு எரிந்தது எனக்கு. அந்த எரிச்சலில்தான் கண்ணைத் திறந்து காட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓடைக்கரைப் புல் வேர்வரை மேயப்பட்டிருந்தது. மூங்கில் குருத்து ஒன்றுகூட முழங்காலைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் மிளா கடித்துவிட்டது. புல் இல்லாத கரை முதல் மழைக்கே சரிந்தது. நாங்கள் மொண்டு குடித்த தெளிந்த தண்ணீர் செம்மண் கரைசலாக வந்தது. மலைமேல் வட்டமிடும் கழுகுகளையும் காணோம். புலி அடித்துத் தின்ற மிச்சத்தில்தான் அவை பிழைத்தன என்பது அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அதே மிச்சத்தை நம்பியிருந்த நரி, ஊருக்குள் இறங்கிக் கோழி பிடித்தது. ஒரே ஒரு ஆளைச் சுட்டதற்கு இத்தனை வீட்டில் உலை கவிழ்ந்துவிட்டதே என்று எனக்குத் தலை சுற்றியது.

கடைசிப் பந்தி

இங்கே ஒரு கல்யாணச் சாப்பாட்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வில்லிபுத்தூரில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில், ஆடித் தேர் முடிந்து ஆவணி பிறந்த கையோடு என் சித்தப்பாவுக்குக் கல்யாணம். வடித்த சோறோ மலைபோல. முதல் பந்தியில் சம்பந்தக்காரர்கள் உட்கார்ந்து பாதியைக் காலி செய்தார்கள். அடுத்த பந்தியில் ஊர்க்காரர்கள். பாயசம் அங்கேயே தீர்ந்தது. வீட்டுப் பெண்களான நாங்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது ரசமும் அப்பளத்தூளும் வந்தன. அத்தனை பெரிய உலையில் எனக்கு வந்தது ஒரு கை.

மேலக்காட்டுப் பரணில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் காலையில் அந்தப் பந்தி நினைவுக்கு வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பரணிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

சோறு போடுகிறவர் சூரியன். முதல் பந்தி புல்லும் மரமும். வெயிலை நேரே வாங்கிச் சாப்பிடுவது அவை மட்டும்தான். சாப்பிட்டதில் பெரும்பங்கை அவை தாம் உயிரோடு இருக்கவே செலவழித்துவிடும். மிச்சம் உடம்பில் தங்கியதுதான் மிளாவுக்கும் பன்றிக்கும். அவையும் ஓடி ஆடிச் செலவழித்ததுபோக உடம்பில் வைத்திருப்பதுதான் புலிக்கு. அதனால்தான் புல்லுக்குக் கணக்கில்லை, மிளா கூட்டங்கூட்டமாக இருக்கிறது, புலிக்கு மட்டும் ஒரு மலை முழுக்க வேண்டியிருக்கிறது. பெரியவர் என்று பெயர்தான், அவர் உட்காருவது என்னைப்போலக் கடைசிப் பந்தியில்.

இன்னொன்றும் விளங்கியது. நம் ஊர்க் கல்யாணங்களில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றுகொள்வார். மூச்சு பிடரியில் படும். அதற்குப் பிறகு யாருக்கு இரண்டாம் தரம் மோர் கேட்கத் தோன்றும்? அவசரமாக இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மலையிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. புலி தினம் ஒரு பன்றியை அடிக்கவேண்டியதில்லை. பின்னால் நின்றால் போதும். நாங்கள் பின்னால் நின்றவரைச் சுட்டுவிட்டோம். நடுப் பந்தி எழுந்திருக்கவே இல்லை, என் சோளம்தான் பாயசம்.

இதை வீட்டுக்காரரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்ப நாம எந்தப் பந்தி?"

"எல்லாப் பந்தியிலயும் நாமதான் மொதல்ல ஒக்காந்துருதோம். அதான் வெனை."

தெலுங்கு தெரிந்த நாய்

அடுத்த விதைப்புக்கு முன்னால் வீட்டுக்காரர் ராஜபாளையம் போய் ஒரு நாயோடு வந்தார். ராஜு குலத்தைச் சேர்ந்த அவருடைய சினேகிதர் ஒருவர் கொடுத்தது. வெள்ளை வெளேரென்று, நீண்ட கால், ஒட்டிய வயிறு, ரோஜா நிற மூக்கு. பன்றி வேட்டைக்கென்றே வளர்க்கிற சாதி அது. பின்னால் நிற்க ஆள் இல்லை என்றால் நாயையாவது நிறுத்துவோம் என்பது எங்கள் திட்டம்.

வந்த நாய் "வா" என்றால் அசையவில்லை. "இங்க வாலே" என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செவிடு என்றே முடிவு கட்டிவிட்டோம். நாலு நாள் கழித்துத் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டம்மா "ரா, ரா" என்றாள். பாய்ந்து வந்து அவள் மடியில் தலையை வைத்தது. ராஜபாளையத்தில் தெலுங்கு வீட்டில் வளர்ந்த பிள்ளை, அதற்கு எங்கள் பேச்சு எப்படித் தெரியும்? பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் நாய்க்காகத் தெலுங்கு படித்தோம்.

நல்ல துணிச்சல்காரன். ஆனால் கார்த்திகையில் ஒரு கிழட்டு ஆண்பன்றி கோரைப்பல்லால் அவன் முன்னங்காலைக் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினோம். பிழைத்தான், ஆனால் நொண்டி. சோளம் மறுபடியும் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. கதிர் பால்பிடிக்க ஆரம்பித்தது. இந்த வெள்ளாமையும் போனால் மேலக்காட்டை மாட்டுக்கு விட்டுவிடப்போவதாக மாமா சொல்லிவிட்டார். என் அடுப்பு அந்தக் கதிர்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு விசித்திரம். மார்கழி பிறந்து சில நாளாகப் பன்றி வரவில்லை. டின்னைத் தட்டவேயில்லை. கிழங்குக் கொடி அப்படியே இருந்தது. மலைமேல் இரண்டு கழுகு வட்டமிட்டது. இது என்ன என்று நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாயைத் திறந்து சொல்ல இருவருக்கும் பயமாக இருந்தது.

அதற்கு மறுநாள் காலையில்தான் குடத்தோடு ஓடைக்குப் போனேன்.

ஓடையில் மாடுகள்

மாமா வந்து காலடியைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். மயிலைக்காளை அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். என் சந்தோஷமெல்லாம் அடங்கிவிட்டது. அவர் மறுபடி தலைப்பாகையைக் கட்டினால் என்ன செய்வது?

அதே நேரத்தில் வீட்டுக்காரர் ஊருக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"வத்திராயிருப்புல தொர வந்து எறங்கிருக்காரு. கிறிஸ்மஸ் லீவாம். நம்ம ஓட வழியாத்தான் மேல போறாராம். கெளம்பிட்டாவ."

மாமா எழுந்திருக்கவில்லை. மணலையே பார்த்தபடி கேட்டார்.

"பன்னி வந்து எம்புட்டு நாளாச்சு?"

"அஞ்சாறு நாளா இல்ல மாமா," என்றேன்.

"கிழவன் ஒருத்தன் இருந்தானே, நாயக் கிழிச்சவன்?"

"அவனுந்தான் காணோம்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏலே, தொழுவத் தொற. நம்ம மாடு மட்டும் பத்தாது. தெருவுல அம்புட்டு மாட்டையும் அவுத்து ஓடைக்குப் பத்திக்கிட்டுப் போ."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் மாமாவின் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

அன்று காலையில் எங்கள் ஊர் மாடுகள் குளித்த குளியலை அதற்கு முன்னும் பின்னும் குளித்ததில்லை. மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. போன வருஷம் பன்றியிடம் பறிகொடுக்காத வீடு ஊரில் இல்லை. அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முன்பு தப்பட்டை அடித்துப் புலியைக் கலைத்த அதே ஆட்கள், இப்போது சத்தமில்லாமல் மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு காலடி தெரியாதபடி வரிசையாக மணலை மிதித்தோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நகம்

துரை குதிரையில் வந்தார். முன்னால் தடம் பார்த்தபடி பேச்சிமுத்து, மீசையைப் பொசுக்கினாரே, அவர்தான். ஓடை முழுக்க மாட்டுக் குளம்பும் சாணியுமாகக் கிடந்ததைப் பார்த்துத் துரை முகம் சுளித்தார். குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார்.

நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையோரம் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். என் காலுக்கு ஒரு முழத்தில், கரை கவிந்திருந்த இடத்தில், களிமண்ணில் இன்னொரு காலடி. மாட்டுக்கு எட்டாத இடம். முத்திரை குத்தினாற்போலத் தெளிவாக இருந்தது.

பேச்சிமுத்து நேரே அங்கேதான் வந்தார். குனிந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன தாயி?"

"எங்க வீட்டு நாய்," என்றேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். புளியமரத்தடியில் எங்கள் நாய் மூன்று காலில் எழுந்து நின்று, அந்நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டது. அதன் பாதம் அந்தக் காலடியில் பாதிகூட வராது.

துரை குதிரைமேலிருந்து ஏதோ கேட்டார். பேச்சிமுத்து மேலக்காட்டுச் சோளத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அவர் ஊரும் மலையடிவாரம்தான். அவர் கிழங்குக் காட்டையும் போன வருஷம் பன்றி உழுதுவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். என் நெஞ்சு அடித்த அடி குடத்துத் தண்ணீரில் தெரிந்தது.

"டாக், சார்," என்றார் பேச்சிமுத்து. சொல்லிக்கொண்டே வலதுகாலைத் தூக்கி அந்தக் காலடியின்மேல் வைத்து, குதிரை குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

துரை முன்னால் போனபிறகு என் பக்கம் குனிந்தார்.

"நாய்க்குன்னா நகம் பதியும் தாயி. இவிய நகத்த உள்ள இழுத்துக்கிட்டு நடப்பாவ. அடுத்த வாட்டி பொய் சொன்னா நகத்தையும் சேத்துச் சொல்லு."

துரை மலையெல்லாம் சுற்றினார். பேச்சிமுத்து அவரைப் புலி இல்லாத பக்கமாகவே கூட்டிக்கொண்டு திரிந்ததாகப் பிறகு சொன்னார்கள். இரண்டு மிளாவைச் சுட்டுக்கொண்டு துரை திரும்பிப் போனார்.

உலை

தையில் சோளம் வண்டி வண்டியாக வீடு வந்தது. கொல்லைப்புறத்தில் நானே பொறுக்கிவந்த மேலக்காட்டுக் கல் மூன்றை வைத்து அடுப்பு மூட்டினேன். கரண்டி என் கையில். உப்பும் நான்தான் போட்டேன், கொஞ்சம் கூடிவிட்டது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. அடுப்பு மூட்டிய அன்று காலையில்தான் புலி எங்கள் தொழுவத்துக் கிடேரிக்கன்றை மேய்ச்சலில் அடித்திருந்தது. மாமா கையால் புல் கொடுத்து வளர்த்த கன்று. நான் அழுதேன். அவர் மறுபடி வத்திராயிருப்புக்கு நடப்பாரோ என்ற பயமும் அந்த அழுகையில் இருந்தது.

சாயங்காலம் மாமா வந்தார். தலையில் தலைப்பாகை இல்லை. என் புது அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் இலை போட்டுச் சோளச்சோற்றை எடுத்தேன். அப்போது மலையிலிருந்து அந்தக் குரல் வந்தது. நீளமாக, அடிவயிற்றைத் தொட்டுவிட்டுப் போனது. தொழுவத்தில் மாடுகள் எழுந்து நின்றன. என் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மாமா குரல் அடங்கும்வரை மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையில் தண்ணீர் தெளித்தார்.

"அவிய சாப்ட்டாச்சு," என்றார். "இனி நமக்குப் போடு தாயி."